கோழிக்குச் சாயம் போட்ட ஞாயிறு

போன வாரம் அக்காவின் சின்ன மகனுக்குக் காது குத்தினோம். வந்திருந்தவர்கள்: அம்மா, அக்கா, மாமா, மாமாவின் பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர், மண்ணரை லைன் வீட்டில் எங்களோடு குடியிருந்த மூன்று குடும்பங்கள். வராதவர்: சரசக்கா. பத்திரிகை வைக்க விலாசம் தெரியவில்லை.

கோயில் வாசலில் ஒருவன் கூடை நிறையக் கலர் கோழிக்குஞ்சுகள் விற்றுக்கொண்டிருந்தான். ரோஸ், பச்சை, ஊதா. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மருமகன் ரோஸ் குஞ்சு கேட்டு அழ, "அதெல்லாம் வேண்டாம்" என்று நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். விற்கிறவனே பயந்து கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"கோழிக்குச் சாயம் போடறதப் பத்தி உங்க மாமங்கிட்டக் கேளு சாமி. அவன் அதுல பெரிய இஞ்சினீரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பந்தியில் உட்கார்ந்த பிறகு இரண்டு தடவை எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தேன். யாரிடமாவது சொன்னால் ஆறும் என்று தோன்றியது, நீங்கள்தான் கிடைத்தீர்கள்.

மண்ணரை லைன் வீட்டில் இருந்தபோது நான் ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலை பார்த்தேன். அப்பா பாய்லருக்கு விறகு தள்ளுவார். அம்மா பனியன் கம்பெனியில் தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுப்பாள், கைமடிப்பு என்பார்கள். இரண்டு பேரும் சம்பளத்துக்குக் கைநாட்டு வைப்பவர்கள். பன்னிரண்டாவது தேறிய நான் மட்டும் ஃபேன் காற்றில் உட்கார்ந்து, கண்ணாடிக் குடுவையில் சாயத்தைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, வெளிநாட்டிலிருந்து வந்த துணித்துண்டின் நிறத்தைப் பிடிக்கிற ஆள். அசிட்டிக் ஆசிட் வாடை எத்தனை சோப்புப் போட்டாலும் சட்டையை விட்டுப் போகாது. இன்றைக்கும் ஊறுகாய் ஜாடியைத் திறந்தால் எனக்கு லேப் ஞாபகம்தான் வரும். லைனில் ரேஷன் கார்டு மனு முதல் தலைவலி மாத்திரை வரை என்னிடம்தான் கேட்பார்கள். "தம்பி படிச்சவருங்க" என்பார்கள். கேட்டுக் கேட்டு நானும் அதை நம்பிவிட்டேன்.

பக்கத்து வீடு சரசக்காவுடையது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. புருஷன் லாரியில் போகிறவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர், பின்னால் ஒரே கோழிக்கூடு. மரப்பெட்டிப் பலகைகளை அடித்துச் செய்தது. மேலே ஓட்டை விழுந்த ஆஸ்பெஸ்டாஸ் தகடு, உள்ளே படிபோல மூன்று மூங்கில் கழிகள். எங்கள் கோழிகள் ஒன்பது, அவளுடையவை ஏழு.

சாயங்காலம் கோழி அடையும் நேரத்தில் நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒரே ரகளை. ஏறுவது, இறங்குவது, முறைப்பது, மறுபடி ஏறுவது. மேல்கழியில் சுவரோரம் சாரல் படாது, பூனைக்கும் எட்டாது. அந்த இடம் கருப்பிக்கு. கருப்பி எங்கள் கோழி. அடுத்த இடம் சரசக்காவின் மொட்டைக்கழுத்துக் கோழிக்கு. மூன்றாவதும் அவளுடையது. நாலாவது எங்கள் செவலை. இப்படியே இறங்கி இறங்கி, கீழ்க்கழியின் ஓரத்தில் ஒரு நொண்டி வெடைக்கோழி. மேலே இருக்கிற எல்லோருடைய எச்சமும் அதன் முதுகில்தான். இடம் மாறி ஏறினால் மண்டையில் ஒரு கொத்து. ஒன்றே ஒன்று. ரத்தம் வராது. கொத்து வாங்கியது இறங்கித் தன் இடத்துக்குப் போய்விடும். சேவல் இதில் எல்லாம் தலையிடாது, எங்கள் லைன் ஆண்களைப் போல.

இந்த வரிசையை நான் ஒரு நோட்டில் படம் போட்டு எழுதி வைத்திருந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். எது யார் வீட்டுக் கோழி என்பது அந்த வரிசையில் எங்கேயுமே இல்லை. அதை மட்டும் கவனிக்கவில்லை.

தை மாதம் அக்கா தலைப்பிரசவத்துக்கு வருவதாக இருந்தது. உடம்பில் ரத்தமே இல்லை என்று ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் திட்டு. பிள்ளை பிறந்ததும் வாரத்துக்கு இரண்டு கோழி அடித்துச் சாறு வைத்துக் கொடுத்துத் தேற்றிவிடலாம் என்பது அம்மாவின் திட்டம். கைமடிப்புக் கூலியில் கம்பு வாங்கிப் போட்டு அந்த ஒன்பதையும் அக்காவுக்காகவே வளர்த்தாள். இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரிச் செவலைகள் இருந்ததுதான் வம்பு. காலில் கட்டிய பனியன் கிழிசல் இரண்டே நாளில் அவிழ்ந்துவிடும்.

"ஏனுங்கக்கா, இந்தச் செவல என்றதுங்க" என்றாள் சரசக்கா ஒருநாள்.

"உன்றதா? குஞ்சுல இருந்து நாந்தான் சரசு இதுக்குத் தீனி போடறேன்."

"தீனி நானுந்தானுங்க போடறேன். கோழி என்ன ரசீதா குடுக்குது?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் மறுநாளிலிருந்து அம்மா கூட்டைச் சாத்துவதற்கு முன் மூன்று தடவை எண்ண ஆரம்பித்தாள்.

"இத நான் பாத்துக்கறேம்மா" என்றேன்.

என் படிப்பு வேலை செய்தது. இறகும் கம்பளி மாதிரிதானே. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் அசிட்டிக் ஆசிட், சாயம் பிடித்துக்கொள்ளும். அந்த வாரம் பட்டறையில் ஒரு சிவப்பு ஆர்டர் முடிந்து சாயம் மிச்சம் இருந்தது. ஞாயிறு மதியம் சரசக்கா தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அம்மா ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்க, நான் கழுத்திலும் சிறகிலும் பிரஷ்ஷால் பூசினேன். கருப்பியின் மேல் மட்டும் நிறம் தெரியவே இல்லை. "அதுக்கு எதுக்குடா அடையாளம், ஊருக்கே தெரியும்" என்றாள் அம்மா. மிச்சம் எட்டும் வெயிலில் குங்குமம் கொட்டியதுபோல நின்றன. "என்ற பையன் படிச்சதுக்கு இன்னைக்குத்தான் பலன்" என்று அம்மா லைன் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

கோழி அடையும் நேரம் வந்தது. கருப்பி ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்தது. செவலை ஏறியது. கருப்பி அதைப் பார்த்தது. யாரோ அசலூர்க் கோழி என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு கொத்து. செவலை இறங்கவில்லை, அது அதன் இடம்தானே. இன்னொரு கொத்து. பிறகு எண்ண முடியவில்லை. மொட்டைக்கழுத்தும் சேர்ந்துகொண்டது. சிவப்புக் கோழிகளே ஒன்றை ஒன்று கொத்திக்கொண்டன. எது சாயம், எது ரத்தம் என்று எனக்கே தெரியவில்லை.

"டேய், நம்ம கோழியே நம்ம கோழியக் கொல்லுதுடா!" என்று அம்மா கத்தினாள்.

ஒரு கோழிக்கு இன்னொரு கோழியின் தலையும் கழுத்தும்தான் அடையாளம், அதோடு சிவப்பைக் கண்டால் ரத்தம் என்று கொத்திய இடத்திலேயே கொத்தும் என்று வெகுநாள் கழித்து ஒரு கால்நடை டாக்டர் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்பில் இதெல்லாம் வரவில்லை.

விடிந்தபோது இரண்டு செத்திருந்தன. சோப்புப் போட்டேன், சோடா போட்டேன், மண்ணெண்ணெய்கூடத் தடவிப் பார்த்தேன். சாயம் வெளுக்கிறது என்று என் மேல் கம்பெனிக்கு எத்தனையோ புகார் வந்திருக்கிறது. மிஞ்சிய ஆறு கோழிகளின் மேல் மட்டும் ஒரு சொட்டு வெளுக்கவில்லை. அவை கூட்டுக்குள் போக மறுத்தன. பகல் முழுக்கக் காம்பவுண்டுச் சுவர்மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தன. பூனை சிலதைப் பிடித்தது, நாய் சிலதை. லேபில் எனக்கு ஒரே வாரத்தில் மூன்று தடவை நிறம் தப்பியது. பதினைந்து நாளில் எட்டும் போயின.

சரசக்கா செவ்வாய்க்கிழமையே திரும்பிவிட்டாள். சுவர்மேல் நின்ற சிவப்புக் கோழிகளைப் பார்த்ததும், "ஏந்தம்பி, கோழிக்கெல்லாம் சீர் செஞ்சுட்டீங்களா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எதற்காக என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு நின்றது.

"என்ற கோழியில இருந்து பிரிச்சு வெக்கறதுக்குங்களாக்கா?"

அம்மா ஏற்கெனவே கூட்டிய வாசலை மறுபடி கூட்டினாள்.

தை மாதம் அக்காவுக்குப் பெண் பிறந்தது. இருந்த ஒரே கோழியான கருப்பியை அம்மா அடித்தாள். கிழட்டுக் கறி, அரைநாள் வேகவில்லை. அக்கா எழுந்து உட்காரவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் காலையில் சரசக்கா வந்தாள். கையில் கால் கட்டிய இரண்டு கோழிகள்.

"சாறு வெச்சுக் குடுங்கக்கா. சாயம் இல்லாததுதானுங்க."

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. கையை நீட்டினாள். அந்த லைனில் முட்டைக்கோ கறிவேப்பிலைக்கோ அரைக் கிளாஸ் சர்க்கரைக்கோ யாரும் யாரிடமும் காசு வாங்கியதில்லை. எனக்கும் அது தெரியும். ஆனாலும் நான் உள்ளே ஓடி, சம்பளக் கவரிலிருந்து இரண்டு கோழிக்கு அன்றைய சந்தை விலையை எடுத்துவந்து நீட்டினேன்.

"வாங்கிக்கங்கக்கா. இனிமே கணக்கெல்லாம் சுத்தமா இருக்கட்டும்."

சரசக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தாள்.

"வெலைக்குங்களா தம்பி?"

நான் நீட்டிய கையை மடக்கவில்லை. அவள் கோழிகளைக் கீழே வைத்துவிட்டு, விரலை எச்சில் தொட்டு நோட்டுகளை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டாள். "செரிங்க" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. சித்திரையில் வீட்டைக் காலி செய்தாள். அவிநாசிப் பக்கம் என்றார்கள் சிலர், பல்லடம் என்றார்கள் சிலர்.

லைன் வீடுகளை இடித்து இப்போது தையல் கம்பெனி கட்டியிருக்கிறார்கள். கூடு இருந்த இடத்தில் ஜெனரேட்டர் நிற்கிறது. அந்தத் தெருவில் கோழி வளர்ப்பவர் ஒருவரும் இல்லை. அக்கா தேறிவிட்டாள். செத்த எட்டைப் பற்றி அம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை. எப்போதாவது, சம்பந்தமே இல்லாத பேச்சுக்கு நடுவில், "அன்னைக்கு நீ அந்தக் காச நீட்டாம இருந்திருக்கோணும் கண்ணு" என்பாள்.

ஏழு பத்து ரூபாய் நோட்டுகள். எழுபது ரூபாய்.