எட்டு போட்ட மூன்று நட்சத்திரங்கள்

என் அப்பாவை நான் அடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஊட்டியில் இயற்பியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கான லயன் வரிசையில் ஒரு வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா ஃபேக்டரியில் இயந்திரம் பார்த்தார்.

மூன்று நட்சத்திரங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே சுற்றினால் என்ன ஆகும் என்று லேப்டாப்பில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் என் புராஜெக்ட். பெரும்பாலும் நாசம்தான் ஆகும். இரண்டு நெருங்கிக்கொள்ளும்; ஒன்று வெளியே வீசப்படும், திரும்பவே வராது. ஆனால் சரியான இடத்தில், சரியான வேகத்தில் தொடங்கிவைத்தால் மூன்றும் 8 போன்ற ஒரே பாதையில், மோதாமல், ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். இது ஏற்கெனவே தெரிந்த விஷயம். நான் தேடியது அதிலிருந்து கொஞ்சம் விலகிய, யாரும் பார்த்திராத ஒரு பாதையை. கிடைத்துவிட்டது என்றே நம்பினேன்.

ஒருநாள் அப்பா திரையை எட்டிப் பார்த்தார். "லைசென்ஸ் வாங்க எட்டு போடறாப்பல இருக்குதேடா" என்றார். அதைக்கூடக் கேலியாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படித்தான் இருந்தேன் அந்த மாதங்களில்.

லேப்டாப்பின் பேட்டரி செத்துப்போயிருந்தது. பிளக்கில் மாட்டியிருந்தால்தான் ஓடும். அந்தப் பாதையை உறுதிப்படுத்தும் கடைசிக் கணக்கு நான்கு நாட்களாக ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் சேமிக்கும்படி நான் எழுதியிருக்கவில்லை. அது என் சோம்பேறித்தனம். அந்த ஞாயிறு பால் வாங்கக் கடைக்குப் போய்விட்டு மழையில் நனைந்துகொண்டு வந்தேன். திரை கறுப்பாக இருந்தது. ஒயரைச் சுருட்டி லேப்டாப்பின் மேலேயே வைத்திருந்தார்கள்.

"இடி இடிக்குதுடா," என்றார் அப்பா. "போன மாசம் பக்கத்து ஊட்டு டிவி புகைஞ்சு போச்சில்ல? அதான் புடுங்கி வெச்சேன்."

மூடிய கையால் அவர் வாயில் குத்தினேன். கட்டில் விளிம்பில் மோதிக் கீழே விழுந்தார். அவர் மார்பில் முழங்காலை வைத்து இன்னும் இரண்டு முறை குத்தினேன். அவர் பல் பட்டு என் விரல் முட்டி கிழிந்தது. உண்மையைச் சொல்வதென்றால், அந்தக் கணத்தில் எனக்குச் சுகமாக இருந்தது.

பிறகு அவர் கை என் கழுத்துக்கு வந்தது. இருபது வருடம் இரும்போடு மல்லுக்கட்டிய கை. என்னைப் புரட்டிப் போட்டு, தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். காதுக்குள் கொய்யென்று இரைந்தது. அம்மா சமையலறையிலிருந்து விறகுக் கட்டையோடு ஓடிவந்தாள். என் முதுகில், தோளில், தடுத்த கையில், கண்மண் தெரியாமல் போட்டாள். "அப்பன அடிக்கறியா? அப்பன அடிக்கறியாடா?" லயன்காரர்கள் வந்து எங்களைப் பிரித்தார்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மா லேப்டாப்பைத் தூக்கி வாசல் கல்லில் ஓங்கி அடித்தாள்.

நான் அலறியது அதற்குத்தான். அப்பாவின் வாயிலிருந்து ரத்தம் கொட்டியபோது அலறவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எப்படி ஆயிற்று என்று கேட்டார்.

"வழுக்கி உழுந்துட்டனுங்க," என்றார் அப்பா, வாயில் துணியை அழுத்திக்கொண்டு.

"ஏனுங்க, பொய் சொல்லாதீங்க," என்றாள் அம்மா. "இவந்தான் அடிச்சான். எழுதிக்கங்க டாக்டரம்மா."

அப்பாவுக்கு இரண்டு பல் போனது. எனக்கு இடது முன்கை எலும்பில் விரிசல் விழுந்திருந்தது. அன்றே துணிமணியை எடுத்துக்கொண்டு ஊட்டியில் நண்பன் அறைக்குப் போய்விட்டேன்.

கட்டுப்போட்ட கையோடு கல்லூரி ஆய்வகத்துக் கணினியில் எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன். இம்முறை கணக்கில் நேரத்தை இன்னும் சிறு சிறு அடிகளாக நகர்த்தினேன். தொடக்கத்தில் மூன்றும் அழகாகத்தான் ஓடின. பிறகு ஒன்று கொஞ்சம் தடுமாறியது. சட்டென்று வெளியே பறந்துபோனது. இன்னும் நுணுக்கிப் பார்த்தேன், அப்போதும் பறந்தது. நான் கண்டுபிடித்ததாக நினைத்த பாதை கிடையவே கிடையாது. முதல் கணக்கில் என் அடிகள் பெரிதாக இருந்ததால் பிழை சேர்ந்து, இல்லாத ஒரு பாதையைக் காட்டியிருக்கிறது.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போனேன். அப்பா சோற்றை ஒரு பக்கமாக மென்றுகொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னேன். கணக்கே தப்பு என்றேன். மன்னிச்சிடுங்கப்பா என்றேன்.

அவர் வாயிலிருந்ததை விழுங்கினார். பிறகு, "கணக்கு சரியா இருந்திருந்தா?" என்று கேட்டார்.

நிமிர்ந்தேன். அவர் வாயில் பல் போன இடம் தெரிந்தது.

"அப்ப நான் அடி வாங்கினது சரியாப் போயிருக்குமாடா?"

அம்மா எனக்குத் தட்டு வைத்தாள். சாப்பிட்டேன். எதையோ எடுக்க நான் சட்டென்று கையை நீட்டியபோது அப்பாவின் தலை பின்னால் இழுத்துக்கொண்டது. அவர் அறியாமலே. அம்மாவும் அதைப் பார்த்தாள். எனக்கு இப்போது வேலை கோயம்புத்தூரில். மாதம் ஒருமுறை ஊருக்குப் போகிறேன். பகலில் இருந்துவிட்டு சாயங்கால பஸ்ஸில் மலையிறங்கிவிடுகிறேன். ராத்திரி தங்கிவிட்டுப் போ என்று அவர்கள் சொல்வதில்லை.