ஆடிப்போன மூட்டும் அலர்ஜியான கம்மலும்

எலும்பு டாக்டர் மயக்கம் கொடுத்து அறுப்பார். முழிக்க வைத்து வலிக்க வைப்பது பிசியோதெரபிஸ்ட்டான என் வேலை. தேனியில் பதினெட்டு வருஷமாக இதைச் செய்கிறேன். மாடிப்படியைக் கண்டதுமே கைப்பிடியைத் தேடுகிறவரா நீங்கள்? அப்படியென்றால் நம்ம ஆள்தான், கேளுங்கள்.

உடம்புக்குள் கலவரம்

ஓடைப்பட்டியில் திராட்சை போட்டிருக்கும் பெருமாள்சாமிக்குச் செயற்கை முழங்கால் வைத்துப் பன்னிரண்டு வருஷம். போன வருஷம் நொண்டிக்கொண்டு வந்தார். உட்கார்ந்து எழுந்தால் முதல் நாலு எட்டு உயிர் போகிறதாம். கிருமி எதுவும் இல்லை. ஆனால் எக்ஸ்ரேயில் மூட்டு எலும்பின் பிடியை விட்டு ஆடிக்கொண்டிருந்தது. விளக்கிச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

"மூட்டுக்கு நடுவுல இருக்கிற பிளாஸ்டிக் தேஞ்சு தூசி விழுகுதுங்கய்யா. உங்க எதிர்ப்பு அணுக்கள் அதை எதிரின்னு நினைச்சு முழுங்குது. ஆனா செரிக்க முடியல. அந்தக் கலவரத்துல பக்கத்து எலும்பு கரைஞ்சுபோச்சு."

பெருமாள்சாமி தலையாட்டினார். "எங்க பங்காளிகளும் இப்படித்தான் தம்பி. சண்டை வரப்புக்கு, வெட்டுனது என் கொடியை!"

காதில் வேப்பங்குச்சி

கடமலைக்குண்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் ராசாத்தியம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் தேதி குறித்தாயிற்று. அலர்ஜி உண்டா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் இல்லை என்றார். அவர் வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் கவனித்தேன், காதில் கம்மல் இல்லை, வேப்பங்குச்சி.

"கவரிங் போட்டா காது புண்ணாயிருது தம்பி, அதான்" என்றார்.

ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். தோலில் சோதித்தார்கள், கவரிங்கில் கலக்கும் நிக்கல் அவருக்கு ஆகவில்லை. நிக்கல் கலக்காத மூட்டு வரவேண்டும் என்று ஆபரேஷன் மூன்று வாரம் தள்ளிப்போனது. கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்த கணவர் முணுமுணுத்தார். ராசாத்தியம்மா சட்டென்று திரும்பினார்.

"கவரிங் ஆகாதுன்னு டாக்டரே சொல்லிட்டாக. தங்கம் வாங்கிக் குடுங்கன்னு இத்தனை வருஷமாச் சொன்னேனே, கேட்டீகளா?"

இரண்டாம் தடவை

மறு ஆபரேஷன் என்றதும் பெருமாள்சாமி பயந்து, இரண்டு மாதம் எங்கள் பக்கமே வரவில்லை. திராட்சைப் பந்தலுக்கு அடியில் கால் மடங்கி விழுந்து, மகன் தூக்கி வந்த பிறகுதான் சம்மதித்தார். பழைய மூட்டை எடுத்துப் புதிது வைத்தார்கள். மறுநாள் வாக்கரைப் பிடிக்க வைத்து நிறுத்தினேன். ஐந்து எட்டு வைத்தார்.

"வலிக்குதாய்யா?"

"வலி கெடக்கட்டும். கால் நான் சொன்னதைக் கேக்குது தம்பி. எங்க வீட்ல வேற யாரும் கேக்கறதில்ல!"

எக்ஸ்ரேயில் தெரிவதை டாக்டர் சொல்லிவிடுவார். மிச்சத்தைச் செருப்பை மாட்டும்போதுதான் சொல்வது என்று நோயாளிகள் எல்லோரும் கூடிப் பேசி வைத்திருக்கிறார்கள்.