அறிவுச்செல்வனின் வலது கை

வடக்குத்துக் கிராமத்தில் என் வீட்டை ஒட்டிய வீடு அறிவுச்செல்வனுடையது. நான் வேலை பார்க்கும் நிலக்கரிச் சுரங்கத்திலேயே ஒப்பந்த எலக்ட்ரீஷியனாக இருந்தான். பண்ருட்டி சாலையில் மாடு குறுக்கே வந்து பைக்கோடு விழுந்ததில் வலது கை முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, நடுக்கம் மட்டும் போகவில்லை. கை நடுங்குகிறவனை மின்சாரப் பெட்டி பக்கம் எவன் விடுவான்? கான்ட்ராக்டர் சிவசங்கர் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வீட்டில் கிடந்தவன் நீராவி ரயில் எஞ்சின் ஒன்றைச் செய்ய ஆரம்பித்தான். பொம்மை என்று நினைத்துவிட வேண்டாம், தூக்க இரண்டு ஆள் வேண்டும். கொதிகலன் பழைய இரும்புக் குழாய். உள்ளே நீராவியெல்லாம் கிடையாது, கார் வைப்பர் மோட்டார்தான். வாசலில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு அதில் மின்சாரம் விட்டான். சக்கரம் அதை வாங்கும். ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கமும் ஒரு செப்புத் தகடு உரசிக்கொண்டே இருந்து, வாங்கியதை மோட்டாருக்குக் கொடுக்கும்.

"பேட்டரி வச்சுத் தொலையேன்டா" என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"பேட்டரிய எவன் வேணா வைப்பான்ணா. இந்தத் தகட்ட இம்மாத்தூண்டு எடத்துல ஈயத்த உருக்கி சால்டர் பண்ண நடுங்காத கை வேணும். அத கான்ட்ராக்டரு பாக்கணும்."

எஞ்சினை வந்து பார்க்கச் சொல்லி சிவசங்கரின் ஷெட் வாசலில் போய்ப் போய் நின்றான். வேறு வேலை கேட்டு அலைந்த இடமெல்லாம் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள். கடைசியில் அவர் சலித்துப்போய், "ஆயுத பூசைக்கு வரேன். ஓடுச்சுன்னா விஜயதசமிக்கே வந்து சேந்துக்க. ஓடலன்னா இதோட என்ன வுட்டுடு" என்றார்.

பூசைக்கு முந்தின நாள் எஞ்சின் வட்டத்தை முழுதாகச் சுற்றியது. முன்விளக்கு கூட எரிந்தது. அவன் தரையில் உட்கார்ந்து அழுதான்.

மறுநாள் அவன் குளிக்கப் போயிருந்தபோது அவன் மனைவி மலர்விழி எஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். முந்தின இரவே நாங்கள் பலகையில் ஏற்றி வைத்திருந்ததற்கு மாலையும் போட்டாள், கண்ணுக்கு நிறைவாக இருந்தது. சிவசங்கர் வந்தார். பூசணிக்காய் உடைத்தார்கள். அறிவும் நானும் எஞ்சினைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தோம். சுவிட்சைப் போட்டான்.

எஞ்சின் அசையவில்லை. விளக்கும் எரியவில்லை.

மீட்டரின் கூர்முனையைத் தண்டவாளத்தில் குத்தினான். மின்சாரம் இருந்தது. அவன் முகம் செத்துவிட்டது. "உள்ளதான் வுட்டுப்போச்சு, என் சால்டர்தான்" என்று எஞ்சினைக் கவிழ்த்துப் போட்டான். ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். கை உதறியது. நன்றாக இருந்த ஒரு இணைப்பு பிடுங்கிக்கொண்டு வந்தது. அதை ஒட்டப் போனதில் இன்னொன்று போயிற்று. "ஒரு நிமிசம் சார், இதோ சார்" என்று அவன் சொல்லச் சொல்லக் கேட்கவே கூசியது. சிவசங்கர் மோசமான ஆள் இல்லை. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவன் தோளைத் தட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

கூட்டம் கலைந்தது. செத்த பிணத்தை எடுப்பதுபோல் எஞ்சினை எடுக்கக் குனிந்தவன், சக்கரத்தைப் பார்த்து நின்றுவிட்டான். நகத்தால் சுரண்டினான். பெயர்ந்து வந்தது காய்ந்த சந்தனம். தண்டவாளத்தைத் தொடுகிற விளிம்பு முழுக்க, ஒரு சக்கரம் பாக்கியில்லாமல் பூசியிருந்தது. சந்தனத்தைத் தாண்டி மின்சாரம் எப்படி வரும்? எங்கள் கண்ணில் படாமல் இல்லை. சுரங்கத்தில் மலை மாதிரி யந்திரத்துக்கெல்லாம் வருஷா வருஷம் நாங்களே பூசியிருக்கிறோம். எது ஓடாமல் போனது? சந்தனத்தைப் போய் எவன் சந்தேகப்படுவான்?

"வாடா, இப்பவே போயி சிவசங்கர்கிட்ட சொல்றேன்" என்று நான் செருப்பைத் தேடினேன்.

"வேணாம்ணா. சொன்னா பொண்டாட்டியக் கை காட்டுறான்னுதான் நெனப்பாரு. ஒயரப் பிச்சிகினு நின்னத அவரே பாத்துட்டாரு. இந்தக் கைமேல எனக்கே நம்பிக்க இருந்திருந்தா, மொதல்ல சக்கரத்தத் தொடச்சிருப்பேன்."

மாட்டிய செருப்பைக் கழற்றிப் போட்டேன். அதற்குள் மலர்விழி பொரித் தட்டோடு வெளியே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஒரு சக்கரம் வுடாம பாத்துப் பாத்துப் பூசுனனே மாமா. சாமிக்குக் கண்ணு இல்லாமப் போச்சே. இன்னா கொற வச்சேன் நானு?"

அவன் புது வேட்டி நுனியால் சக்கரத்தை மூடிப் பிடித்து அழுத்தித் துடைத்தான்.

"நீ ஒரு கொறயும் வக்கல மலரு" என்றான். "கை நடுங்கிடுச்சு."