நான் அழித்த முதல் டேக்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படித்தவன் நான். எல்லாம் தெரியும் என்ற நினைப்போடுதான் என் முதல் குறும்படத்தை எடுத்தேன்.

மாமல்லபுரம் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில் போர்க்காட்சி. நடித்தவர் மதுராந்தகத்துக்காரர், போருக்குப் போய்வந்த முன்னாள் ராணுவ வீரர். சினிமாவில் வாட்ச்மேன், போலீஸ் என்று வசனமில்லாமல் நின்றவருக்கு இதுதான் முதல் பெரிய வேடம். செத்துக் கிடக்கும் நண்பனைப் பார்த்து அவர் கதற வேண்டும்.

அவர் கதறவில்லை. செத்தவனின் பூட்ஸ் லேஸை அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார்.

"கட்! இன்னா சார் பண்ணிகினு கீறீங்க? நேச்சுரலா அழுங்க சார்!" என்று எல்லோர் முன்னும் கத்தினேன்.

"சரிப்பா, கிளிசரின் குடு" என்றார்.

அடுத்த டேக்கில் அழுதார். எல்லோரும் கைதட்டினார்கள். மெமரி கார்டில் இடமில்லாததால் முதல் டேக்கை அங்கேயே அழித்தேன்.

டீ குடிக்கும்போது, "அந்த லேஸ் எதுக்கு சார்?" என்றேன்.

"என் ஃப்ரெண்டு செத்தப்ப அதாம்பா பண்ணேன். வண்டி வர்ற வரிக்கும் அவுத்து அவுத்து கட்டிகினே குந்தியிருந்தேன். அழுகையே வரல." பிஸ்கட்டை டீயில் நனைத்தார். "அந்த மொத டேக்கு கீதா? எங்க வூட்டுக்காரிக்குக் காட்டணும். எனக்கு வாயால சொல்ல வரல."

"இருக்கு சார்" என்றேன்.

இப்போது அவருக்கு நிறைய வாய்ப்பு வருகிறது. எல்லாம் அழுகிற வேடம். போன் பேசும்போதெல்லாம் கடைசியில் அந்த டேக்கைக் கேட்கிறார். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி வைக்கிறேன்.