வேன் நிற்கிற இடத்தில் பங்கு ஆபீஸ்

1. பூட்டிய கதவு

மறந்து வைத்த மூக்குக் கண்ணாடியை எடுக்க, சாயங்காலம் எங்கள் மாதாகோயில் பங்கு ஆபீஸுக்குத் திரும்பிப் போனேன். பூட்டிய கதவுக்கு முன்னால், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆரோக்கியமேரி உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கிராமமான வடக்குத்துக்காரர், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று பொரிந்து தள்ளிவிட்டார்.

"எப்ப வந்தாலும் பூட்டிக் கெடக்குது மேடம்! நீங்க தொறந்துகினு ஒக்காந்திருக்கிற நேரத்துல நான் மைன்ஸ்ல கெடக்கிறேன். நான் வந்தா நீங்க வூட்டுக்குப் போயிடறீங்க. எம்பொண்ணு கல்யாணத்துக்கு எப்பதாங்க ஓலை எழுதறது?"

எங்கள் சபை வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பெண் மாப்பிள்ளை பெயரைக் கோயிலில் வாசிக்க வேண்டும். அதைத்தான் ஓலை என்கிறோம். ஓலை எழுத, மணப்பெண்ணும் அவளைத் தெரிந்த இரண்டு சாட்சிகளும் ஒன்றாகப் பங்குத்தந்தை முன்னால் வர வேண்டும். சாம்பல் புதன் வந்து தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. ஆரோக்கியமேரியின் மகள் ஸ்டெல்லாவுக்குப் பார்த்த பையனோ சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தான். சாம்பல் புதன் தாண்டினால் லீவும் தாண்டிவிடும்.

"ஆயர் இல்லத்தில் பிஷப்பிடம் அனுமதி வாங்கி, ஒரே ஓலையோடு முடிச்சிடலாமே?" என்றேன். நல்லது சொல்வதாகத்தான் நினைப்பு.

"ஒத்த ஓலையா? ஏன் இம்மா அவசரம், பொண்ணுக்கு என்னா ஆச்சுன்னு ஊரு கேக்காதாங்க? மூணும் படிக்கணும். அதுவும் எங்க வடக்குத்துக் கோயில்ல படிக்கணும். இங்க டவுன்ஷிப்ல படிச்சா எங்கள யாருக்குங்க தெரியும்?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. வடக்குத்துக் கோயிலில் பூசையே மாதம் ஒரு ஞாயிறுதான். அதனால் கிளைக் கிராமத்து ஓலையையெல்லாம் சுரங்கக் குவார்ட்டர்ஸ் இருக்கும் டவுன்ஷிப் தாய்க்கோயிலில் வாசித்துவிடுவது வழக்கம். நாங்களும் காதில் வாங்காமல் அடுத்த பாட்டுக்குப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்போம்.

2. என் கலர் சார்ட்

அந்தச் சமயத்தில்தான் ஆயர் இல்லத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. பங்கு நிர்வாகத்தைச் சீரமையுங்கள், கிளைக் கிராமங்களுக்குப் பலம் கொடுங்கள் என்று. எங்கள் பங்குத்தந்தை அமல் ஃபாதர் சின்ன வயசுக்காரர், துருதுருவென்று இருப்பார்.

"மேடம், மைன்ஸ் டைம் ஆபீஸ்ல அத்தனை பேருக்கு ஷிஃப்ட் சார்ட் போட்டிருக்கீங்க. நம்ம பங்குக்கு ஒண்ணு போட முடியாதா?" என்று கேட்டார்.

முடியாதாவா? ரிட்டையர் ஆனதிலிருந்து என் கை நமநமவென்றுதான் இருந்தது. ஆபீஸ் இனிமேல் ஒரே இடத்தில் உட்காராது, ஊருக்குப் போகும். புதன் வடக்குத்து, வெள்ளி முத்தாண்டிக்குப்பம், மாலை ஐந்து மணிக்கு. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கலர் கொடுத்துச் சார்ட் போட்டேன். பங்குப் பேரவைக் கூட்டத்தில் விரித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கை தட்டாதவர் பேரவைச் செயலாளர் சேவியர் சார் ஒருவர்தான். "ஆபீஸ்னா ஒரு இடத்துல இருக்கணும்மா. வேணுங்கிறவங்க தேடி வருவாங்க. ஐஸ் வண்டி மாதிரி ஊர் ஊரா மணியடிச்சிக்கிட்டுப் போறதா?"

"ஐஸ் வண்டியாவது வித்துட்டு வரும் சார். நம்ம ஆபீஸ்ல என்ன விக்குது?" என்றேன். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். டைம் ஆபீஸில் எத்தனையோ ஆபீசர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்த விஷயம் அது.

முதல் புதன் வந்தது. ஃபாதரும் நானும் வடக்குத்துக் கோயிலில் மேஜை போட்டு, மின்விசிறி போட்டு, முத்திரையை எடுத்து வைத்துக் காத்திருந்தோம். ஒரு ஈ காக்கா வரவில்லை. ஆரோக்கியமேரியே வரவில்லை! இந்த ஞாயிறு முதல் ஓலை வாசித்தால்தான் சாம்பல் புதனுக்கு முன் மூன்றும் முடியும். அந்தம்மாவுக்காகத்தானே இத்தனை பாடு? இருட்டுகிற நேரத்தில் மேஜையை மடக்கும்போது, சேவியர் சாரின் முகம்தான் கண் முன்னால் வந்து நின்றது.

3. வேன் ஸ்டாப்

மறுநாள் விடிகிற நேரத்திலேயே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எதற்கு? சண்டை போடத்தான். வடக்குத்து முக்கில் டீக்கடை வாசலில் சுரங்கத்துக்குப் போகிற கான்ட்ராக்ட் வேனுக்காக ஆரோக்கியமேரி நிற்பதைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, "ஏம்மா, உனக்காக ஒரு பங்கே வந்து உட்கார்ந்திருந்தது. நீ எங்கே போயிட்டே?" என்று கத்தினேன்.

"நான் என்னாங்க பண்ணுவேன்? மத்தியானம் கான்ட்ராக்டர் போன் போட்டு, செகண்ட் ஷிஃப்ட்டுக்கு ஆள் கொறையுது, வான்னுட்டாரு. போவலன்னா அடுத்த நாள் கூப்புட மாட்டாரு. உங்களுக்குத்தாங்க சார்ட்டு. எங்களுக்குப் போனுதான்."

ஐந்து மணிக்கு எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்பது பகலோடு வேலை முடிகிற ஜெனரல் ஷிஃப்ட் குவார்ட்டர்ஸ்காரர்களின் நினைப்பு. பேரவையில் இருந்த நாங்கள் எல்லோரும் பெர்மனென்ட். எங்கள் யாருக்கும் அது உறைக்கவே இல்லை.

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் சின்னப்பன், வடக்குத்துக் கோயிலைத் திறந்து பூட்டுகிற கோயில்பிள்ளை; அவரும் கான்ட்ராக்ட்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா, பண்ருட்டி முந்திரி கம்பெனிக்குப் போகிற பஸ்ஸுக்காக நின்றாள். எங்கள் கோயில் சனத்தில் பாதி அங்கேதான் இருந்தது! மணப்பெண் இருக்கிறாள், அம்மா இருக்கிறார், சாட்சிக்குச் சின்னப்பன் இருக்கிறார், இன்னொருவருக்குப் பஞ்சமா? இவர்கள் எல்லோரும் ஒன்றாக நிற்கிற இடம் உலகத்தில் இந்த வேன் ஸ்டாப் ஒன்றுதான். அப்போதே ஃபாதருக்குப் போன் போட்டேன்.

"ஃபாதர், நாளைக்குக் காலைப் பூசைக்கு முன்னாடி முத்திரையை எடுத்துக்கிட்டு வடக்குத்து முக்குக்கு வாங்க. ஏன்னு கேக்காதீங்க, வாங்க!"

மறுநாள் பைக்கில் வந்து இறங்கியவர், ஹெல்மெட்டைக் கழற்றியபடியே சிரித்துவிட்டார். டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துக் கொடுத்தார். "வேன் வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க சாமி" என்று ஆரோக்கியமேரி பரபரத்தார். ஸ்டெல்லாவைக் கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், முழுச் சம்மதமா என்று ஃபாதர் விசாரித்தார். அவள் வெட்கப்பட்டுத் தலையாட்ட, "வாயத் தொறந்து சொல்லுடி, ரூல்ஸு!" என்று அம்மா இங்கிருந்தே அதட்டினார். டீக்கடையே சிரித்தது. சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். வேனும் வந்தது. அதற்குள் இரண்டு பேர் ஞானஸ்நானச் சான்றிதழுக்குச் சொல்லிவிட்டார்கள், ஒருவர் நோயில் படுத்திருக்கும் அப்பாவுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற அவஸ்தைப்பூசுதல் கேட்டுவிட்டார். ஆபீஸில் ஒரு மாதத்தில் வராத கூட்டம்!

4. மூன்றாவது ஓலை

அடுத்த சண்டை, ஓலையை யார் வாசிப்பது என்பதில். "தாய்க்கோயில்ல ஃபாதர் படிக்கிறதுதான் முறை. சின்னப்பன் படிச்சா அது ஓலையா?" என்றார் சேவியர் சார்.

"தாய்க்கோயில்ல நான் படிக்கிறேன் சார். பூசை இல்லாத ஞாயிறுலயும் வடக்குத்துல ஜெபம் நடக்கட்டும், அங்க சின்னப்பன் படிக்கட்டும்" என்றார் ஃபாதர். "தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு கேக்கிறோம். தெரிஞ்சவங்ககிட்ட கேக்க வேண்டாமா?"

மூன்றாவது ஞாயிறு சேவியர் சார் என்னோடு வடக்குத்துக்கு வந்து, கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

கோயில் நிரம்பி, வாசலிலும் சனம் நின்றது. சின்னப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஸ்டெல்லாவின் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் அழுத்தம்திருத்தமாக வாசித்தார். "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இது மூன்றாம் ஓலை."

நிமிர்ந்து சனத்தைப் பார்த்தார். யாரும் அசையவில்லை. தாய்க்கோயிலிலும் இப்படித்தான் யாரும் பேச மாட்டோம். யாரென்றே தெரியாததால் பேச மாட்டோம். இங்கே அவள் பிறந்ததிலிருந்து பார்த்தவர்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஆரோக்கியமேரி என் கையை இறுகப் பிடித்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"பாத்தீங்களா மேடம்? இம்மா சனத்துல ஒருத்தராச்சும் வாயத் தொறந்தாங்களா?"

நானும் அழுதுவிட்டேன், அதில் என்ன வெட்கம்? சாம்பல் புதனுக்கு இரண்டு நாள் முன்னால் அதே கோயிலில் கல்யாணம் நடந்தது. கான்ட்ராக்ட் வேன்தான் பூ கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டாரைப் பண்ருட்டியிலிருந்து ஏற்றி வந்தது.

பங்கு ஆபீஸ் வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் அந்தக் கலர் சார்ட்டைக் கேட்கிறார்கள். தருகிறேன், அழகாகத்தான் இருக்கும். ஆனால் முதலில் ஒரு காலை உங்கள் ஊர் வேன் எங்கே நிற்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் பங்கு அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருக்கும்.