ஐந்து கருநீலம்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைக்கு மென்பொருள் எழுதப் போனபோதுதான் அங்கே நிறம் சரிபார்க்கும் மாஸ்டரைச் சந்தித்தேன். ஒல்லியானவர். சட்டைப்பை நிறையத் துணித்துண்டுகள். எதையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார், டீயைக்கூட.

சாயமேறிய துணிகளின் பட்டியலை, ஒரே பொருளை இரண்டாம் முறை ஏற்காத ‘செட்’டில் சேமித்திருந்தேன். இரண்டு பதிவுகளின் நிறப்பெயர் ஒன்றானால் இரண்டும் ஒன்றே என்று அதற்குச் சொல்லியிருந்தேன். பட்டறையில் தனித்தனித் தடவையாகச் சாயமேற்றிய ஐந்து லாட் கருநீலத்தைப் பதிந்தார்கள். திரையில் ஒன்றுதான் நின்றது.

“ஏனுங்க அம்மணி, மத்த நாலும் எங்க போச்சுங்க? அஞ்சும் அஞ்சு கலருங்க. கலந்து தெச்சா பனியன் கை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறமாயிருமுங்க” என்றார் மாஸ்டர்.

லாட் எண்ணையும் சேர்த்து ஒப்பிடும்படி அன்றே திருத்தினேன். ஐந்தும் வந்தன. ஆனாலும் என் ரோஷம் அடங்கவில்லை. ஒரே துணியை இரண்டாக வெட்டி, இரண்டு லாட் என்று சொல்லி அவரிடம் நீட்டினேன். வாசலுக்குப் போய் வெகுநேரம் பார்த்தார்.

“வேற வேறதானுங்க.”

“ரெண்டும் ஒரே துணிங்க மாஸ்டர்!” என்று சிரித்தேன்.

அவர் அசரவில்லை. “இருக்கலாமுங்க. இந்தத் துண்டுல உங்க கை வேர்வை ஏறியிருக்குதுங்க.”

தொட்டுப் பார்த்தேன். ஈரமாகத்தான் இருந்தது. அதை அவர் வாசலிலேயே கண்டாரா, நான் சிரித்த பிறகு கண்டுபிடித்தாரா என்பதுதான் இன்னும் எனக்கு விளங்கவில்லை.