பட்டாசாலைக்கு வந்த கட்டில்

எங்கள் வீட்டு நாற்காலிகள் நடக்கத் தொடங்கியது சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆன வருஷம்தான். அதுவரை அவை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவரும் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிட்டார்கள். தெருக்கதவைத் திறந்ததும் பட்டாசாலை. வியாபாரம் பேசுவதும் ஊர்வம்பு பேசுவதும் அந்த நீளமான கூடத்தில்தான். மருமகள்கள் சீராகக் கொண்டுவந்த மரச்சாமான்களை அங்கேதான் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் உட்காரும்போதே, “இது யாரு கொண்டாந்தது?” என்று கேட்பார்கள். உடனே அந்த மருமகளின் ஊரும் அவள் அப்பாவின் பெருமையும் ஒரு சுற்று பேசப்படும். காபி அதற்குப் பிறகுதான் வரும்.

பெரியம்மா தேவகோட்டைப் பக்கம். அவள் கொண்டுவந்தது தேக்கு நாற்காலிகளும் ஒரு வட்ட மேசையும். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒரு மயில் செதுக்கியிருந்தது. சாய்ந்தால் மயிலின் அலகு நடுமுதுகில் குத்தும். ஆகையால் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து, சீக்கிரமே எழுந்து போனார்கள். அதைப் பெரியம்மா தன் நாற்காலிக்குக் கிடைத்த மரியாதை என்றே எடுத்துக்கொண்டாள்.

புதிதாக வந்த சித்திக்கு மதுரை. அவளுடைய அப்பாவுக்கு அங்கே பாத்திரக் கடை. அவர் மகளுக்கு ஒரு சோபா செட்டை லாரியில் ஏற்றி அனுப்பினார். ரத்தச் சிவப்பு ரெக்ஸின், உள்ளே ஸ்பிரிங்கு. தெருவில் அதுதான் முதல் சோபா. இறக்கி வைத்த அன்று பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் அத்தனை பேரும் எங்கள் வாசலில்தான் நின்றார்கள். நான் அதில் ஏறிக் குதித்துப் பார்த்து, குதிக்கக் குதிக்க வீடே கீழே போய் மேலே வருவதைக் கண்டு வியந்தேன்.

சோபாவுக்கு இடம் வேண்டுமே. மயில் நாற்காலிகள் ஜன்னலோரம் ஒதுங்கின. மறுநாள் காலையில் பார்த்தால் அவை ஒரு முழம் முன்னால் வந்திருந்தன. அதற்கடுத்த நாள் சோபா கொஞ்சம் நகர்ந்து வாசலுக்கு நேர் எதிரே நின்றது. யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியம்மாவும் சித்தியும் ஒருவருக்கொருவர் குழம்பு ஊற்றிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு அருமையாகத்தான் இருந்தார்கள். சாமான்கள் மட்டும் சண்டை போட்டன.

“நம்ம வீட்டு நாற்காலிக்கு மட்டும் காலு முளைச்சிருச்சு. இப்படியே போனா ஒருநா மதுரைக்கே நடந்து போயிரும்” என்றார் சித்தப்பா. நான் அதை நம்பி, பாதி ராத்திரியில் அவை நடப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று விழித்திருக்க முயன்று, தினமும் தூங்கிப்போனேன்.

எனக்கு ஒரே ஒரு குறை. இந்தப் போரில் என் அம்மாவுக்குப் படையே இல்லை. அம்மா பரளச்சிக்காரி. அவள் கல்யாணத்தின்போது மழை பொய்த்துப் பருத்தி கருகிப்போயிருந்தது. அவளுடைய அப்பா தோட்டத்து வேம்பை வெட்டி, பனைநார் உரித்து, தன் கையாலேயே ஒரு நார்க்கட்டில் செய்து மாட்டுவண்டியில் கவிழ்த்துப் போட்டுக் கொண்டுவந்தார். வந்த அன்றே அது கொல்லைக்குப் போய்விட்டது. அதில் வடகம் காயும், வத்தல் காயும், மத்தியானத்தில் கோழி முட்டையிடும். பட்டாசாலையில் ஊர்ப்பேச்சு நடக்கும்போது பரளச்சி என்ற பேர் மட்டும் யார் வாயிலும் வராது. எனக்கு அது பொறுக்கவில்லை.

“ஒங் கட்டிலையும் உள்ள போடச் சொல்லும்மா” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

அம்மா உளுந்தை ஆட்டிக்கொண்டே, “எனக்கு உக்கார எங்க நேரங் கெடக்கு? போ, போயிப் படி” என்றாள். என் அம்மாவுக்கு ரோஷமே கிடையாது என்று முடிவு கட்டினேன்.

ஆடி பிறந்தது. முதல் ஆடிக்கு மகளை அழைத்துப்போக மதுரையிலிருந்து சம்பந்தி வீட்டார் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். வீடே அல்லோலகல்லோலப்பட்டது. பெரியம்மா மயில்களுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்தாள். சித்தி சோபாவைத் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கும்படி வைத்தாள். அம்மாவோ, சம்பந்தமே இல்லாமல், கொல்லைக் கட்டிலைத் தட்டிக் கழுவி, தொய்ந்திருந்த நாரைக் காலால் உதைத்து இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தாள். யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டதற்கு, “எதுக்கும் இருக்கட்டும்” என்றாள்.

அவர்கள் வந்த அன்று அடித்த ஆடிக்காற்றில் பாதிக் கரிசல் காடு தெருவில் பறந்தது. அதனால் ஜன்னல்களைச் சாத்திவிட்டார்கள். சித்தியின் அப்பா நல்ல பருமன். பட்டு ஜிப்பா போட்டிருந்தார். வந்ததும் நேராகப் போய்த் தான் கொடுத்த சோபாவிலேயே உட்கார்ந்து, அதன் கைப்பிடியைத் தட்டி, “எப்படி, ஸ்பிரிங்கு?” என்றார். எல்லோரும் ஸ்பிரிங்கைப் புகழ்ந்தார்கள். அந்நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று. மின்விசிறி நின்றது.

ரெக்ஸின் சும்மாவே சுடும். காற்றும் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம். அவருடைய ஜிப்பா நனைந்து முதுகோடு ஒட்ட, முதுகு சோபாவோடு ஒட்டியது. அசையும்போதெல்லாம் பிசுக் பிசுக்கென்று ஒரு சத்தம். பாவம், வேறு யாராக இருந்தாலும் எழுந்து போயிருப்பார்கள். கொடுத்தவரே எப்படி எழுந்திருப்பது? சிரித்த முகத்தோடு வெந்துகொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது சோபாவிலிருந்து அவர் பிய்ந்து எழுந்த ஓசை எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

அம்மாதான் பந்தி பரிமாறினாள். அவருக்கு மட்டும் பாயசம் திரும்பத் திரும்ப வந்தது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கொல்லைக்குப் போனார். மற்ற சம்பந்திகளைக் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு சித்தியும் பெரியம்மாவும் கிளம்பிவிட்டார்கள். இவரைக் காணவில்லை. பெரியப்பா பட்டாசாலையில் பார்த்தார், மாடியில் பார்த்தார், கடைசியில் கொல்லைக்குப் போனார். வேப்பமரத்து நிழலில், நார்க்கட்டிலில், வயிறு ஏறி இறங்க, சம்பந்தி குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் எருமை அசை போட்டுக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றது.

பெரியப்பா வெலவெலத்துப்போனார். “மதுரைக்காரவுக கோயில்ல இருந்து வந்தா என்ன நெனைப்பாக? சம்பந்தியக் கொண்டுபோயி எருமை பக்கத்துல படுக்கப் போட்டுருக்கோமே!”

“எழுப்பிருவமா?” என்றார் அப்பா.

“சம்பந்தியத் தட்டி எழுப்புறதா? நல்லாருக்கு.”

கடைசியில் அண்ணன் தம்பிகள் கூடிப் பேசி, கட்டிலோடு தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவது என்று முடிவாயிற்று. கொல்லைக் கதவு குறுகல். பக்கத்துச் சந்து வழியாகத் தெருவுக்குப் போய் முன்வாசலில்தான் நுழைய வேண்டும். அப்பாவும் சித்தப்பாவும் முன்னால் பிடிக்க, கடை ஆட்கள் இருவர் பின்னால் பிடித்தார்கள். சந்துக்குள் போனதும் பெரியப்பாவுக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது.

“ஏலே, காலு முன்னாடி போகுதுலே! திருப்பு, திருப்பு! தலை முன்னாடி வரட்டும்!”

சந்தில் எங்கே திருப்புவது? தெருவுக்கு வந்துதான் ஒரு வட்டம் அடித்துத் திருப்பினார்கள். சம்பந்தி அசையவில்லை. பாயசத்தின் மகிமை. பிறகு தலை முன்னால் போக, கட்டில் மெதுவாக எங்கள் நிலைப்படியைத் தாண்டி, சோபாவுக்கும் மயில் நாற்காலிகளுக்கும் நடுவில், பட்டாசாலையின் மத்தியில் இறங்கியது.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். அப்போதுதான் எதிர்வீட்டு அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். நாலு பேர் கட்டிலில் ஒருவரைத் தூக்கிப்போனதை அவள் தன் ஜன்னலிலிருந்து பார்த்திருந்தாள்.

“ஐயையோ! அண்ணாச்சி! பொண்ணு குடுத்த எடத்துலயா ஒங்க உசுரு போகணும்! காலையில சிரிச்சுக்கிட்டு வந்தவுகளாச்சே!”

அவள் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. சம்பந்தி திடுக்கிட்டு விழித்தார். சுற்றிலும் கூட்டம், நடுவில் ஒரு பெண் அழுகிறாள். அவருக்கும் மனசு தாங்கவில்லை. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, கம்மிய குரலில் கேட்டார்: “யாரு தம்பி தவறுனது? பெரியவுகளா?”

“வேற யாருமில்ல மாமா. நீங்கதான்” என்றார் சித்தப்பா.

ஒரு நிமிஷம் அவர் எங்களைப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் கட்டில் கிரீச்சிட்டது. எதிர்வீட்டு அத்தை அழுகையை நிறுத்த முடியாமலே சிரித்தாள். கோயிலிலிருந்து திரும்பிய பெண்கள் விஷயம் புரியாமல் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அடங்கியதும் அவர் நாரைத் தடவிப் பார்த்து, “இப்படி ஒரு தூக்கம் தூங்கி வருஷமாச்சு. இந்தக் கட்டிலு யாரு கொண்டாந்தது?” என்று கேட்டார்.

பெரியம்மா மயிலைப் பார்த்தாள். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “நடுவுல உள்ள பிள்ள கொண்டாந்தது. பரளச்சியில இருந்து. அவுக அப்பா கையாலயே செஞ்சது” என்றார். பட்டாசாலையில் அந்த ஊர்ப்பேர் முதன்முதலாக ஒலித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“இது இங்கயே கெடக்கட்டும். நா வந்தா இதுலதான் படுப்பேன்” என்றார் சம்பந்தி. சம்பந்தியின் சொல்லைத் தட்ட முடியுமா? கட்டில் அங்கேயே நின்றது. ஒரே வாரத்தில் பெரியப்பா அதில் பேப்பர் படிக்கத் தொடங்கினார். அடுத்த மாதம் பெரியம்மாவின் வெற்றிலைப் பெட்டியே அதன்மேல் இருந்தது. மயிலும் சோபாவும் நடப்பதை நிறுத்திவிட்டன.

எல்லாம் எங்கள் அதிர்ஷ்டம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். கை கழுவும் தண்ணீர் அண்டா எப்போதும் கொல்லைக் கதவோரம்தான் இருக்கும். அன்று மட்டும் அது வேப்பமரத்தடிக்கு, கட்டில் பக்கத்துக்குப் போயிருந்தது. கட்டிலில் துவைத்த உறை போட்ட தலையணை இருந்தது. சித்தப்பா கல்யாணத்தில் பந்தி முடிந்த கையோடு சம்பந்தி குறட்டை விட்டதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தவளும் அம்மாதான். இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க எனக்குப் பல வருஷம் பிடித்தது.

இன்னொன்றும் கண்ணால் பார்த்திருந்தும் எனக்கு விளங்கவில்லை. கட்டில் நிலைப்படியைத் தாண்டும்போது அம்மா அடுக்களை வாசலில் நின்று, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். எதிர்வீட்டு அத்தை அப்போது இன்னும் அழவே ஆரம்பிக்கவில்லை.